லெ பென் கட்சி: காரைக்காலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்காலில் என் வேலை காகிதம் பார்ப்பது. பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, எத்தா சிவில் (பிரெஞ்சுக் குடிமைப் பதிவு) நகல், பென்சன்காரர்கள் அனுப்ப வேண்டிய 'இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' சான்று. பிரெஞ்சில் வந்தால் தமிழில் எழுதிக் கொடுப்பேன், தமிழில் இருந்தால் பிரெஞ்சில். பிரான்ஸில் தேர்தல் வந்துவிட்டால் காகிதத்தோடு கேள்வியும் சேர்ந்து வரும். அதில் பாதி லெ பென் குடும்பத்தையும், குடியேற்றத்தை எதிர்க்கும் அவர்கள் கட்சியையும் பற்றியது. ஒரே பதிலைத் திண்ணையில் இருபது தடவை சொல்வதற்கு ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

காவிரிக் கடைமடையில் உட்கார்ந்துகொண்டு பிரான்ஸ் கட்சியைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?

திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்தான் இதைக் கேட்பார்கள். காரைக்கால்காரர் யாரும் கேட்கமாட்டார்.

1739-இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. இடையில் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த வருஷங்களைக் கழித்தால், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஊர். நிர்வாகம் அன்றே கைமாறிவிட்டது. சட்டப்படி கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. அதற்குப் பிறகு 6 மாத அவகாசம். அதற்குள் 'நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர், எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். எங்கள் வீட்டில் பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே கொல்லை, ஒரே கிணறு, இரண்டு தேசம். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா'வாக இருந்தவர், பென்சன் வந்தது. அப்பாவுக்கு அரசலாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், தண்ணீர் வந்தால் விளைந்தது.

அந்தக் கையெழுத்தின் வாரிசுகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்குப் புதுச்சேரியைப் போலவே காரைக்காலிலும் வாக்குச்சாவடி போடுகிறார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரருக்கென்று 11 தொகுதிகள் உண்டு. ஆசியாவும் ஓசியானியாவும் சேர்ந்த 11-ஆவது தொகுதிதான் நம்முடையது. ஆகவே இது நமக்கு வெளியூர்க் கதை இல்லை.

கட்சியின் பேர் என்ன? இரண்டு பேர் சொல்கிறார்களே?

1972 முதல் 2018 வரை 'ஃப்ரோன் நசியோனால்', தேசிய முன்னணி. 2018 ஜூன் 1 முதல் 'ரசாம்ப்ளமான் நசியோனால்', தேசிய ஒன்றுகூடல் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னணி என்றால் போர்க்களம் ஞாபகம் வருகிறது, கூட்டணிக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று மாற்றினார்கள். கடை அதே கடை, போர்டு மட்டும் புதுசு என்று சொல்கிறவர்களும் உண்டு, முதலாளியே மாறிவிட்டார் என்கிறவர்களும் உண்டு. எனக்கு முதலாவதில் முக்கால், இரண்டாவதில் கால்.

யார் தொடங்கியது?

1972 அக்டோபர் 5, பாரிஸ். அப்போது 'ஓர்த்ர் நூவோ', அதாவது 'புதிய ஒழுங்கு' என்று ஓர் இயக்கம் இருந்தது. தெருச்சண்டைக்குப் பேர்போன இளைஞர்கள். அவர்கள் அடுத்த வருஷத்துத் தேர்தலில் நிற்க ஒரு மரியாதையான முகப்பைத் தேடினார்கள். சிதறிக் கிடந்த தீவிர வலதுசாரிக் குழுக்களையெல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவர வேண்டும், ஆனால் கூரைக்கு முன்னால் கோட்டு சூட்டு போட்ட, மேடையில் நன்றாகப் பேசத் தெரிந்த, ஏற்கெனவே நாடாளுமன்றம் பார்த்த ஆள் நிற்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்தவர்தான் ஜான்-மாரி லெ பென். 1973-இல் பாரிஸ் தெருவில் நடந்த பெரிய மோதலுக்குப் பிறகு அரசு ஓர்த்ர் நூவோவைக் கலைத்துவிட்டது. வாடகைக்கு வைத்த ஆளே வீட்டுக்காரராகிவிட்டார்.

ஹிட்லர் படையில் இருந்தவர்கள் தொடங்கிய கட்சி என்கிறார்களே, அது எதிர்க்கட்சிக்காரர் கட்டிய கதைதானே?

கதை இல்லை. காகிதக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் பிடிபடுவது பதிவு மனுதான். கட்சியின் சட்டவிதிகளை அரசிடம் பதியக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லெ பென். இன்னொருவர் பியேர் பூஸ்கே, கட்சியின் முதல் பொருளாளர். இந்தப் பூஸ்கே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய வாஃபன் எஸ்எஸ் படையின் 'ஷார்ல்மான்' பிரிவில் சேவகம் செய்தவர். ஹிட்லருக்காகச் சண்டைபோடப் போன பிரெஞ்சுக்காரர்களின் பிரிவு அது. தொடக்ககாலத்து இன்னொரு தலைவர் ஃப்ரான்சுவா ப்ரிஞ்ஞோ, ஜெர்மனிக்கு அடங்கி நடந்த விஷி அரசின் 'மிலீஸ்' படையில் சேர்ந்தவர். ஆக்கிரமிப்புக்கு எதிராகப் போராடிய தம் நாட்டாரையே வேட்டையாடிய படை. லியோன் கோல்த்தியே என்பவரும் வாஃபன் எஸ்எஸ்ஸில் இருந்தவர். இவரோடு கூட்டுச் சேர்ந்து லெ பென் 1960-களில் ஒலித்தட்டு கம்பெனி நடத்தினார். நாஜி ஜெர்மனியின் பாட்டுகளைப் போட்ட ஒரு தட்டின் உறையில் எழுதியிருந்த வாசகத்துக்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது.

தொடங்கிய எல்லாரும் அப்படியா என்றால் இல்லை. அல்ஜீரியாவை விடக்கூடாது என்று ஆயுதம் எடுத்த ஓஏஎஸ் ஆட்கள் இருந்தார்கள், மன்னராட்சி வேண்டும் என்கிறவர்கள் இருந்தார்கள், ஜெர்மானியரை எதிர்த்த சிலர்கூட வந்துபோனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் மண்டியிட்டபோது பிரெஞ்சிந்தியாவின் ஆளுநர் லூயி போன்வேன் அந்தச் செப்டம்பரிலேயே, ஜெர்மனியை எதிர்த்து நின்ற ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். குடியேற்ற நாடுகளில் முதலில் சேர்ந்தவற்றில் ஒன்று. காரைக்கால் பையன்கள் சுதந்திர பிரான்ஸின் சீருடையில் கப்பலேறினார்கள். பூஸ்கே போட்டிருந்தது வேறு சீருடை. பிறகு 'யார் உண்மையான பிரெஞ்சுக்காரர்' என்று அளக்கிற கட்சியின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஜான்-மாரி லெ பென் எங்கிருந்து வந்தவர்?

பிரித்தானி கடற்கரையில் லா த்ரினித்தே-சுர்-மேர் என்ற ஊர். 1928-இல் பிறந்தார். அப்பா மீன்பிடிக்கிறவர். 1942-இல் அவர் படகு கடலில் கண்ணிவெடியில் சிக்கிச் சிதறியது. பட்டினச்சேரிப் பக்கம் யாரிடமாவது இந்தக் கதையைச் சொன்னால் அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்கு வராத படகு என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாரிஸில் சட்டம் படித்தார். பாராசூட் படையில் சேர்ந்து இந்தோசீனா போனார். நம்ம ஊர் சொல்தாக்கள் போன அதே சைகோன். 1956-இல், 27 வயதில், நாடாளுமன்ற உறுப்பினர். அப்போது பியேர் பூஜாத் என்ற சின்ன ஊர்க் கடைக்காரர், வரி அதிகாரிகளைக் கடைக்குள் விடாதே என்று ஓர் இயக்கம் கிளப்பியிருந்தார். பெரிய சூப்பர் மார்க்கெட், பாரிஸ் அதிகாரி, நாடாளுமன்றம் எல்லார்மேலும் சின்ன வியாபாரிகளுக்கு இருந்த எரிச்சல் அது. அந்த அலையில் உள்ளே போனவர் லெ பென். பிரெஞ்சிந்தியாவை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே 1956-தான், மே மாதம்.

அதன்பிறகு அல்ஜீரியா. அவர் அரசியலின் உண்மையான வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. 1962-இல் அல்ஜீரியா விடுதலையானது. அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த லட்சக்கணக்கான ஐரோப்பியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மார்செய், தூலோன் துறைமுகங்களில் வந்து இறங்கினார்கள். தெ கோல் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்ற ஆத்திரம் தெற்கு பிரான்ஸில் ஊறிக் கிடந்தது. சில வருஷத்தில் அல்ஜீரியர்களும் வேலைக்கு அதே துறைமுகம் வழியாக வந்தார்கள். கட்சி பின்னாளில் அறுவடை செய்த வயல் இதுதான்.

கட்சியின் அந்த நெருப்புச் சின்னம் எங்கிருந்து வந்தது?

இத்தாலியில் முசோலினிக்குப் பிறகு அவர் ஆட்கள் 1946-இல் ஆரம்பித்த எம்எஸ்ஐ கட்சியின் சின்னம், மூவண்ணச் சுடர். பச்சையை எடுத்துவிட்டு நீலம் வைத்தால் பிரான்ஸ் கொடி. அவ்வளவுதான்.

இன்னொரு சின்னமும் உண்டு, ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்). புதுச்சேரியில் கப்ஸ் கோவிலுக்கு எதிரே நிற்கிற அதே சிலைக்காரி. வெள்ளைக்காரக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பாரிஸில் அவர் சிலைக்கு முன்னால் கட்சி 2015 வரை வருஷா வருஷம் மே மாதம் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அந்நியரை விரட்டிய கன்னி என்று அவர்கள் கணக்கு.

மூலையில் கிடந்த கட்சி எப்படிப் பெரிசாச்சு?

முதல் பத்து வருஷம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 1974 ஜனாதிபதித் தேர்தலில் 0.75 சதவீதம். 1981-இல் வேட்பாளராக நிற்பதற்குத் தேவையான 500 மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்தே கிடைக்கவில்லை.

திருப்பம் 1983, த்ரோ என்ற ஊர். பாரிஸுக்கு மேற்கே ஒரு தொழிற்சாலை நகரம். நகராட்சித் தேர்தலில் கட்சிப் பட்டியலுக்கு 16.7 சதவீதம். இரண்டாம் சுற்றில் வழக்கமான வலதுசாரிக் கட்சி இவர்களோடு சேர்ந்து மேரியைப் பிடித்தது. (நம்ம ஊரில் வயசானவர்கள் இன்னும் முனிசிபாலிட்டியை மேரி என்றுதான் சொல்கிறார்கள்.) தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய கட்சியோடு கைகோத்தால் ஜெயிக்கலாம் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோனது. அடுத்த வருஷம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 10.95 சதவீதம், 10 இடம். 1986 தேர்தலுக்கு ஜனாதிபதி மித்தரான், வாங்கிய ஓட்டுக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தார், 35 பேர் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். 1988 தேர்தலில் பழைய முறை திரும்பியிருந்தது, ஒரே ஓர் இடம் மிஞ்சியது. தேர்தல் முறைதான் இவர்களுக்கு மதகு. திறந்தால் வெள்ளம், அடைத்தால் கசிவு.

ஏன் ஓட்டுப் போட்டார்கள்? கட்சி 1978-லேயே அடித்த சுவரொட்டி ஒன்று: பத்து லட்சம் பேருக்கு வேலையில்லை, பத்து லட்சம் வந்தேறிகள் கூடுதலாக இருக்கிறார்கள் என்று. கழித்தல் கணக்கு மாதிரி இருக்கும். பார்த்தவுடன் புரியும், அதுதான் அதன் பலம். அது கணக்கே இல்லை என்று விளக்க ஒரு மணி நேரமாகும், அதுதான் மற்றவர்களின் பலவீனம்.

வடக்கே எனேன்-போமோன் என்ற ஊரைப் பாருங்கள். நிலக்கரிச் சுரங்க ஊர். தலைமுறைகளாக இடதுசாரிக்கு ஓட்டுப் போட்டவர்கள். சுரங்கம் மூடியது. பக்கத்தில் இருந்த மெத்தலெரோப் உலோக ஆலை 2003-இல் மூடியது. 2014-இல் அந்த ஊர் முனிசிபாலிட்டி லெ பென் கட்சி கைக்குப் போனது. புதுச்சேரியில் ரோடியர் மில் வாசலில் சங்கு நின்றுபோனதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர்த் தெருவின் முகம் தெரியும். டெல்டாவில் இன்னும் கிட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம், மேலே எந்த மதகை யார் அடைத்தார்கள் என்று கேட்பதைவிட, அடுத்த வயல்காரன் இரவில் மடை உடைத்தான் என்று மண்வெட்டியோடு போவது சுலபம். அடுத்த வயல்காரனைக் கண்ணால் பார்க்க முடிகிறது. கட்சி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது அந்த வரப்புக்குத்தான்.

2002-இல் என்ன நடந்தது? எல்லாரும் அந்த வருஷத்தையே சொல்கிறார்கள்.

ஜனாதிபதித் தேர்தல் அங்கே இரண்டு சுற்று. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் முதல் இருவர் மட்டும் மறுபடி மோதுவார்கள். 2002 ஏப்ரல் 21 அன்று ஜனாதிபதியாக இருந்த சிராக்குக்கு 19.88 சதவீதம், லெ பென்னுக்கு 16.86, பிரதமராக இருந்த சோஷலிஸ்ட் ஜோஸ்பேனுக்கு 16.18. இடதுசாரிகள் ஆளுக்கொரு வேட்பாளராக நின்று ஓட்டைப் பிரித்ததில் லெ பென் இறுதிக்குப் போய்விட்டார். இரண்டாம் சுற்றில் இடதுசாரிகளும் சிராக்குக்கே போட்டார்கள். 82.21-க்கு 17.79. பெரியப்பா அன்றைக்கு ரேடியோவை நிறுத்திவிட்டு, "எண்பத்திரண்டு பேர் கூடிப் பதினெட்டுப் பேரை விரட்டியிருக்காங்க. அந்தப் பதினெட்டு எங்கே போகும்?" என்று கேட்டார். எங்கும் போகவில்லை. 2017-இல் இரண்டாம் சுற்றில் 33.90. 2022-இல் 41.45.

மகள் அப்பாவையே கட்சியை விட்டு நீக்கினாராமே?

ஆமாம். மரீன் லெ பென், 1968-இல் பிறந்தவர், வக்கீல். 2011 ஜனவரியில் தலைவரானார். அவர் திட்டத்துக்கு அங்கே வைத்த பேர் 'தெ-தியாபோலிசாசியோன்'. தமிழில் பேயோட்டுதல் என்று சொன்னால் கனகச்சிதமாக இருக்கும். கட்சியைப் பிடித்திருந்த பேய் என்று அவர் நினைத்தது அப்பாவின் வாயை. 1987-இல் பேட்டி ஒன்றில் நாஜிகளின் விஷவாயு அறைகளை, போர் வரலாற்றில் ஒரு 'சின்ன விவரம்' என்றார் ஜான்-மாரி. அதற்கு வழக்கு, அபராதம். விடவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னார். 2015-இலும் அதையே சொல்ல, மகள் அந்த ஆகஸ்டில் வெளியேற்றினார். ஜான்-மாரி 2025 ஜனவரி 7 அன்று 96 வயதில் இறந்தார்.

மகள் மாற்றியது பேச்சை மட்டும் இல்லை. அப்பா காலத்துக் கட்சி வரிக்குறைப்பு, அரசு சுருங்க வேண்டும் என்ற கட்சி. மகள் பென்சன், மின்கட்டணம், பெட்ரோல் விலை பேசினார். எரிபொருள் மீதான வரியை 20-இலிருந்து 5.5 சதவீதமாக்குவேன் என்பது 2022 வாக்குறுதி. யூரோவை விட்டு வெளியேறுவோம் என்று 2017-இல் சொன்னதை, ஓட்டு போகிறது என்று தெரிந்ததும் ஓசையில்லாமல் மடித்து வைத்துவிட்டார்கள்.

இப்போது கட்சித் தலைவர் ஜோர்தான் பார்தெல்லா, 2022 நவம்பர் முதல். 1995-இல் பிறந்தவர். வளர்ந்தது பாரிஸுக்கு வடக்கே சேன்-டெனி, மாவட்ட எண்ணில் சொன்னால் 93. நம்ம ஆட்களும் ஈழத்தமிழர்களும் நெருக்கியடித்துக் குடியிருக்கும் லா கூர்நெவ் அதே 93-தான். அம்மா வழி இத்தாலியக் குடியேறிகள். குடியேற்றத்துக்கு எதிரான கட்சிக்குக் குடியேறி வீட்டுப் பிள்ளை முகம். அதைக் கட்சியே பெருமையாகக் காட்டிக்கொள்கிறது.

சரி, அவர்களுக்கு என்னதான் வேண்டும்?

மேலே பூசிய சாயம் காலத்துக்குக் காலம் மாறினாலும் நடுவில் ஒரு கம்பி மாறவே இல்லை. 1980-களில் அதற்குப் பேர் 'தேசிய முன்னுரிமை'. வேலை, அரசுக் குடியிருப்பு, குடும்ப உதவித்தொகை எல்லாவற்றிலும் குடிமகன் முதலில், வெளிநாட்டான் அப்புறம், அல்லது இல்லவே இல்லை. அதே சம்பளத்தில் அதே வரியைக் கட்டுகிற ஆளாக இருந்தாலும் சரி. இதைச் செய்ய அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும், ஏனென்றால் சமத்துவம் அதில் எழுதியிருக்கிறது. அதனால்தான் பொதுவாக்கெடுப்பு, பொதுவாக்கெடுப்பு என்கிறார்கள்.

அடுத்தது, குடியேற்றத்தை ஏறக்குறைய அடைப்பது. மனைவி மக்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் குடும்ப இணைப்பு விசாவை இறுக்குவது. முக்காடு விஷயம்: 2022-இல் மரீன் பொது இடங்கள் எல்லாவற்றிலும் அதைத் தடைசெய்வேன் என்றார். காரைக்காலில் முக்காடு போட்ட பெண்மணிகள் பாஸ்போர்ட்டோடு வாக்குச்சாவடிக்கு வருகிற ஊர் இது என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள். இந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் மூன்று தலைமுறைக்கு முன்பே சைகோனில் கடை வைத்தவர்கள் உண்டு.

ஆட்சியைப் பிடிக்காமலே காரியம் நடப்பதும் உண்டு. 2023 டிசம்பரில் மக்ரோன் அரசு கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்துக்கு இவர்களும் ஓட்டுப் போட்டு, இது எங்கள் 'சித்தாந்த வெற்றி' என்றார் மரீன். அந்தச் சட்டத்தில் கணிசமான பகுதியை அரசியல் சட்ட மன்றம் அடுத்த மாதமே வெட்டியெறிந்தது.

இவர்கள் வந்தால் நம்ம நேஷனாலிட்டியைப் பிடுங்குவார்களா?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கல்யாணத் தரகர்கள்கூடக் கேட்டார்கள். நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் இந்த ஊரில் கணக்கே வேறு.

கட்சி ஒழிக்க நினைப்பது 'மண்ணுரிமை'யை. அதாவது வெளிநாட்டுப் பெற்றோருக்கு பிரான்ஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்த பிள்ளை 18 வயதில் பிரெஞ்சுக்காரராவது. காரைக்கால் குடும்பங்களுக்குக் குடியுரிமை வருவது இரத்த வழி, அப்பா அம்மா வழி. அதை எடுப்பதாக அவர்கள் எழுதியதில்லை. அடி விழுந்தால் விழுவது, இந்தியப் பாஸ்போர்ட்டில் போய் லா கூர்நெவில் பிள்ளை பெற்ற நம்ம ஒன்றுவிட்ட தம்பி தங்கைகளுக்கு. வேடிக்கையைப் பாருங்கள், நம்ம பக்கம் 'மண்ணின் மைந்தர்' என்று கோஷம் போடுவார்கள். அங்கே தேசியம் பேசுகிற கட்சி, அந்த மண்ணில் பிறந்தவனையே மைந்தன் இல்லை என்கிறது.

இரட்டைக் குடியுரிமைக்காரர் மேலும் அவர்களுக்குக் கண். முன்பு ஒழிப்போம் என்றார்கள், 2022-இல் விட்டுவிட்டார்கள், 2024-இல் பார்தெல்லா, நாட்டின் முக்கியமான சில பதவிகள் அவர்களுக்குக் கிடையாது என்றார். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை குடியுரிமையும் இல்லை. அதனால் நம்மவர் பெரும்பாலும் இதில் மாட்டமாட்டார்.

நேஷனாலிட்டி நின்றுபோய் என்னிடம் அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு வேறு சட்டம்தான் காரணம். அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, பிரெஞ்சுக்காரர் என்பதற்கான பதிவு, பாஸ்போர்ட் ஒன்றும் எடுக்காத குடும்பம் அப்புறம் உரிமை கோர முடியாது என்று பிரெஞ்சு சிவில் சட்டம் 30-3 சொல்கிறது. 1962 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் 2012 ஆகஸ்டில் கதவு சாத்தியாகிவிட்டது. இது லெ பென் கட்சி ஆட்சியில் போட்ட சட்டம் இல்லை, அவர்கள் இன்னும் அரசு அமைத்ததே இல்லை. தாத்தாவின் காகிதத்தை டிரங்குப் பெட்டியில் பூட்டிவைத்ததால் வந்த வினை.

நம்ம ஆட்களே அந்தக் கட்சிக்குப் போடுகிறார்களாமே?

போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தையும் கேட்டிருக்கிறேன். "நாங்க முறைப்படி வந்தவங்க. ராணுவத்துல ரத்தம் சிந்துனவங்க. நேத்து கப்பல்ல ஒளிஞ்சு வந்தவனும் நாங்களும் ஒண்ணா?" இதைச் சொன்ன அண்ணன் பாரிஸில் மெத்ரோ ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நியாயஸ்தர்.

அவரிடம் நான் கட்சியின் பழைய கோஷம் ஒன்றைச் சொன்னேன். பிரெஞ்சுக்காரராக இருப்பது 'பரம்பரையாக வரணும், இல்லையென்றால் தகுதியால் பெறணும்'. அவர் உடனே, "நான் தகுதியால பெற்றவன்" என்றார். தகுதிக்கு மார்க் போடுவது யார் அண்ணே என்றேன். அந்த வட்டாரத்தில் இன்னொரு பழைய சொல்லும் உண்டு, 'காகிதப் பிரெஞ்சுக்காரன்'. பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் உள்ளே அவன் நம்மவன் இல்லை என்று அர்த்தம். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மெத்ரோவில் சீருடை போட்டிருக்கும்போது ஐயா என்பார்கள், கழற்றிவிட்டு பிளாட்பாரத்தில் நின்றால் போலீஸ் காகிதம் கேட்கும் என்றார். கேட்டுவிட்டு, அவர் ஓட்டை மாற்றினாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பதும் முறையில்லை.

'தீவிர வலது' என்று சொல்வது வசைதானே?

கட்சி அப்படித்தான் சொல்கிறது, எங்களை 'தேசியவாதி' என்று கூப்பிடுங்கள் என்கிறது. பிரெஞ்சு உள்துறை தேர்தல் பட்டியல்களில் இவர்களைத் தீவிர வலது என்று வகைப்படுத்துகிறது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த வகைப்பாடு சரி என்று சொல்லிவிட்டது. நானும் அதையே எழுதுகிறேன்.

2024-இல் கிட்டத்தட்ட ஆட்சிக்கு வந்தார்களே?

ஐரோப்பியத் தேர்தலில் 31.37 சதவீதம் வாங்கினார்கள். அன்றிரவே, ஜூன் 9, மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். முதல் சுற்றில் இவர்களே முன்னால். இரண்டாம் சுற்றுக்குள் மற்றக் கட்சிகள் 200-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் தங்கள் ஆளை வாபஸ் வாங்கி வழிவிட்டார்கள். ஜூலை 7 இரவு பார்த்தால் கூட்டாளிகளோடு சேர்த்து 143 இடம், மூன்றாவது இடம். 2017-இல் எட்டே இடம் இருந்த கட்சி என்பதையும் மறக்க வேண்டாம். இந்தத் தேர்தலுக்கு நம்ம தொகுதிக்காரர் ஆன்லைனிலேயே ஓட்டுப் போடலாம். ஓடிபி வராமல் என் வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

பண மோசடி வழக்கு?

ஐரோப்பிய நாடாளுமன்றம் உறுப்பினர்களின் உதவியாளர்களுக்குக் கொடுத்த சம்பளப் பணத்தைக் கட்சி வேலைக்குத் திருப்பியது குற்றம். 2025 மார்ச் 31 அன்று பாரிஸ் நீதிமன்றம் மரீனுக்கு 4 வருஷம் தண்டனை (அதில் 2 நிறுத்திவைப்பு), 1 லட்சம் யூரோ அபராதம், 5 வருஷம் தேர்தலில் நிற்கத் தடை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்தார்.

இங்கே உள்ள எந்தக் கட்சி மாதிரி என்று சொல்லுங்களேன்?

மாட்டேன். ஒருவரைச் சொன்னால் நாளைக்குக் காகிதம் பார்க்க அந்தக் கட்சிக்காரர் வரமாட்டார். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, ஒப்பிட்டால் இரண்டையும் தப்பாகப் புரிந்துகொள்வோம். அங்கே குடியேற்றப் பேரரசு கையை விட்டுப் போன வலியில் பிறந்த கட்சி அது. நாம் அந்தப் பேரரசின் மறுபக்கம் இருந்தவர்கள்.

ஓட்டுப் போடுவது எப்படி? இயந்திரம் உண்டா?

இல்லை. மேசையில் ஒவ்வொரு வேட்பாளர் பேரிலும் தனித்தனிச் சீட்டு அடுக்கியிருக்கும். யாருக்குப் போடப்போகிறோம் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க, ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். திரைக்குப் பின்னால் போய் ஒன்றை மட்டும் உறையில் போட வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் உறை விழுந்ததும் அதிகாரி 'ஆ வோத்தே' என்பார், ஓட்டுப் போட்டாயிற்று என்று. அப்புறம் பட்டியலில் கையெழுத்து.

2022 ஏப்ரல், இரண்டாம் சுற்று. பெரியம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம், "இந்தப் பொண்ணு அப்பனையே வெளியே தள்ளுச்சாமே, பொம்பளை ஆண்டா நல்லாயிருக்குமோ என்னமோ" என்று ஒரு பேச்சு. "அந்தக் கட்சிக்காரன் உங்க பெரியப்பாவ பிரெஞ்சுக்காரன்னு சொல்லுவானாடா?" என்று இன்னொரு பேச்சு. மேசையில் இரண்டே சீட்டு, மக்ரோன் ஒன்று, லெ பென் ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு திரைக்குள் போனவர் வெளியே வர நேரமானது. மிச்சச் சீட்டை அங்கேயே கூடையில் போட்டுவிட்டு வரவேண்டும். பெரியம்மா காகிதத்தை வீணாக்குகிற ஆள் இல்லை, நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்தச் சீட்டின் பின்பக்கம் பால் கணக்கு ஏறியிருந்தது. முன்பக்கம் எந்தப் பேர் என்று திருப்பிப் பார்க்கக் கை போனது. "அதை வையிடா" என்றார் பெரியம்மா.